இடப்புறம் திரும்பிய எண்

கல்யாணமாகி நான் பெங்களூருக்கு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில். என் கணவர் சுந்தரேசனுக்கு மின்சார இலாகாவில் வேலை. அல்சூர் ஏரிக்குப் போகும் வழியில், நடுச்சுவர் ஒன்றைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு ஓட்டு வீடுகள். ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். இன்னொன்றில் நோரா டீச்சரும் அவர் கணவர் மதலைமுத்துவும். டீச்சருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. எனக்குப் பத்தொன்பது. கொல்லைப்புறத்தில் இரு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மதில்தான். துணி உலர்த்தப் போகும் சனி, ஞாயிறு மத்தியானங்களில் அந்த மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு, டீச்சர் தன் கதையைத் துண்டு துண்டாகச் சொல்வார். பாதியில் நிறுத்திவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஈரப்புடவையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அப்படிக் கேட்டதைத்தான் வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

நோரா பிறந்தது பிளாக்பள்ளியில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில். அப்பா ஞானாதிக்கம் குதிரைப்படை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மனிதர்களுக்கல்ல, குதிரைகளுக்கு மருந்து கலக்குகிறவர். பிளேக் வந்த வருஷம் அம்மா போய்விட்டார். நோராவுக்கு அப்போது ஏழு வயது. அதன்பின் அந்த வீட்டில் அப்பாவும் பெண்ணும்தான்.

சின்ன வயதிலிருந்தே நோரா நின்ற இடத்தில் காணாமல் போகிறவர். கஞ்சி வடிக்கப் போனவர் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார்.

"நோரா, எங்கம்மா போயிட்டே?" என்பார் அப்பா.

"இங்கதான்ப்பா இருக்கேன்."

"உடம்பு இங்க இருக்கு. நான் உன்னைக் கேட்டேன்."

மெட்ரிகுலேஷன் வகுப்பில் ஒருநாள் கரும்பலகையில் ஒரு சமன்பாடு எழுதப்பட்டது. ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் மைனஸ் ஒன்று வர வேண்டும். அந்த எண் எது? இரண்டைப் பெருக்கினால் நான்கு. மைனஸ் இரண்டைப் பெருக்கினாலும் நான்குதான், ஏனென்றால் மைனஸும் மைனஸும் சேர்ந்தால் ப்ளஸ் ஆகிவிடும். எதைத் தன்னோடு பெருக்கினாலும் மைனஸ் வராது. "அப்படி ஓர் எண் கிடையாது. அதற்கு இமாஜினரி என்று பெயர். விட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போங்கள்," என்று சொல்லி ஆசிரியை அழித்துவிட்டார்.

நோரா எழுந்து நின்றார். "இல்லாததுக்கு எதுக்கு டீச்சர் பேரு?"

வகுப்பு சிரித்தது. ஆசிரியையும் சிரித்தார். கேள்வி மட்டும் நோராவோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

படிப்பு முடிந்து கண்டோன்மெண்டில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் ஆனார். வரன்கள் வந்தன, போயின. அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்தது. ஒரு காலையில் கண்ணாடியில் பார்த்தபோது முப்பது வயது தாண்டியிருந்தது. மேல்வகுப்புகளுக்குப் பாடம் எடுக்க இண்டர்மீடியட் தேற வேண்டும் என்றார்கள். டீச்சர் வேலையில் இருந்துகொண்டே பரீட்சை எழுதலாம் என்பதால், அந்த வருஷம், அதாவது இருபத்திரண்டில், பணம் கட்டிவிட்டு இயற்கணிதப் புத்தகத்தைத் திறந்தார். பாதிப் புத்தகத்தில் அந்தப் பழைய ஆள் மறுபடி உட்கார்ந்திருந்தான். மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம். இந்தத் தடவை அவனுக்கு 'ஐ' என்று சின்னதாக ஒரு பெயர். அவனைக் கூட்டுவது எப்படி, கழிப்பது எப்படி, பெருக்குவது எப்படி என்று பக்கம் பக்கமாக விதிகள். நோரா எல்லா விதிகளையும் கற்றார். விடைகளும் சரியாக வந்தன. ஆனால் அந்த எண் எங்கே இருக்கிறது என்று மட்டும் எந்தப் பக்கமும் சொல்லவில்லை.

அந்த நாட்களில் அவருக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்ததாம். பரேட் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு ஒன்று. பனியில் அதன் இரண்டு முனையும் தெரியாது. கோட்டின் நடுவில் பூஜ்யம். அதற்கு ஒரு பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் அமைதியாக நிற்கும். மறுபக்கம் மைனஸ் எண்கள். அவற்றுக்கிடையே அரையும் காலும் அரைக்காலும் தோளோடு தோள் உரசி நிற்கும். விரல் நுழையக்கூட இடைவெளி இருக்காது. அப்போது பூசைக்கு நேரம் கழித்து வந்தவரைப்போல ஓர் எண் வரும். வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்க்கும். யாரும் நகர்ந்து இடம் தர மாட்டார்கள். கடைசியில் அது நோராவைத் திரும்பிப் பார்க்கும். அதற்கு முகம் கிடையாது. ஆனாலும் பார்ப்பது தெரியும்.

"பாவமா இருக்கும் கோமளா," என்றார் டீச்சர் என்னிடம். "எழுந்திரிக்கிறப்ப என்னமோ நானே எடம் குடுக்காம வெரட்டிவிட்ட மாதிரி இருக்கும்."

ஒரு சனிக்கிழமை, அப்பாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஜட்கா வைத்து, பழைய நகரப் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்கு லெக்சரராக இருந்த கஸ்தூரிரங்கனைப் பார்க்கப் போனார். அவர் நல்ல மனிதர். இருவரையும் உட்காரவைத்து நோட்டைப் பொறுமையாகப் பார்த்தார்.

"எல்லாம் கரெக்டா போட்டிருக்கேளே. இதிலே என்ன சந்தேகம்?"

"அது எங்க சார் இருக்கு?"

"எது?"

"அந்த நம்பர்."

கஸ்தூரிரங்கன் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, இண்டர்மீடியட்டுக்கு அது தேவையில்லை. ரூல்படி போட்டா மார்க் வரும். எங்கே இருக்குன்னு தேடிண்டு போனா நேரம்தான் போகும்."

அவர் சொன்னது பொய்யல்ல என்று பின்னால் தெரிந்தது.

நோராவின் பள்ளியில் அந்த வருஷம் புது ட்ரில் மாஸ்டர் வந்திருந்தார். அவர்தான் மதலைமுத்து. ஆரணிப் பக்கத்துக் குடும்பம், அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர். பாலமும் பாதையும் போடுகிற சாப்பர்ஸ் படையில் ஹவில்தாராக இருந்து, மெசபடோமியாவில் பாலம் கட்டும்போது குண்டு வெடித்து இடது காது போய்விட்டது. பென்ஷன் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவரோடு பேச வேண்டுமானால் வலது பக்கமாகப் போய் நிற்க வேண்டும். பள்ளியில் பலருக்கு அது மறந்துபோகும். கூப்பிட்டும் திரும்பவில்லை, கர்வம் பிடித்தவர் என்று பேசிக்கொண்டார்கள்.

பள்ளி ஆண்டு விழாவுக்காக ஜனவரி மாதம் மைதானத்தில் கவாத்து ஒத்திகை. நோரா மூன்றாம் பாரம் நோட்டுகளைத் திருத்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெளியே "அபௌட் டர்ன்!" என்று குரல் வரும். நாற்பது பெண்கள் பின்பக்கம் திரும்புவார்கள். முதல் வரிசையில் பெட்டி என்ற பெண் மட்டும் கால் பின்னி விழுவாள். மறுபடி உத்தரவு. மறுபடி விழுவாள். மதலைமுத்து கோபப்படவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"இத பாரும்மா, ஒரேயடியா பின்னாடி திரும்பவேணாம். லெஃப்ட் டர்ன் தெரியுமில்ல? பண்ணு. ஆங், அப்படித்தான். இன்னொரு தடவை லெஃப்ட் டர்ன். இப்ப எங்க பாக்குற?"

"பின்னாடி, மாஸ்டர்."

"அவ்ளோதான். ரெண்டு லெஃப்ட் டர்ன் சேர்ந்தா ஒரு அபௌட் டர்ன்."

நோராவின் கையிலிருந்த சிவப்புப் பென்சில் ஒரு பெண்ணின் நோட்டில் நீளமாகக் கோடு இழுத்துக்கொண்டு போய், பக்கத்தின் விளிம்பில் நின்றது.

முன்பக்கம் பார்த்து நிற்பவர் ப்ளஸ் ஒன்று. அபௌட் டர்ன் என்பது மைனஸ் ஒன்றால் பெருக்குவது. பின்பக்கம் திரும்பியாயிற்று. இன்னொரு அபௌட் டர்ன் செய்தால் மறுபடி முன்பக்கம். மைனஸும் மைனஸும் ப்ளஸ். இது எப்போதும் தெரிந்ததுதான். ஆனால் எதை இரண்டு தடவை செய்தால் ஓர் அபௌட் டர்ன் ஆகும்? எதைத் தன்னோடு பெருக்கினால் மைனஸ் ஒன்று? ஒரு லெஃப்ட் டர்ன்! இத்தனை வருஷமும் கோட்டின்மேலேயே அல்லவா அந்த எண்ணுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தோம்! அது வரிசையில் இல்லை. வரிசைக்குப் பக்கவாட்டில், யாரும் நிற்காத அந்தப் பெரிய மைதானத்தில் நிற்கிறது.

நாலு மணிக்குப் பெண்கள் போனதும் நோரா மைதானத்தில் இறங்கினார். மதலைமுத்து கொடிக்கம்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய வலது பக்கமாகப் போய் நின்றார்.

"மாஸ்டர், எனக்கு லெஃப்ட் டர்ன் சொல்லுங்க."

"டீச்சரம்மா?"

"நான் இங்க நிக்கறேன். நீங்க உத்தரவு குடுங்க. பெட்டிக்குச் சொன்ன மாதிரியே."

மதலைமுத்து அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். வெயிலில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று தோன்றியிருக்கிறது. ஆனாலும் ராணுவத்தில் இருந்தவர், கேட்டதைச் செய்துவிடுவோம் என்று விறைப்பாக நின்று, மெல்லிய குரலில் சொன்னார்: "லெஃப்ட்... டர்ன்."

நோரா புடவையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக்கொண்டு திரும்பினார். எதிரே பள்ளிக்கூடம் இல்லை, சாலை இல்லை. யூகலிப்டஸ் மரங்களும் அவற்றுக்குமேல் சாயங்கால வெளிச்சமும். பதினைந்து வருஷமாகத் தேடிய, கனவில் வந்த அந்த முகமில்லாத எண் இப்போது தன் காலடியிலேயே நிற்பதுபோல இருந்தது. அவருக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

"தண்ணி கொண்டாரட்டுமா டீச்சரம்மா?"

"வேணாம். இன்னொரு தடவை சொல்லுங்க."

அப்புறம் சுண்ணாம்பை எடுத்துத் தரையில் கோடு போட்டு எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினார். மூன்றாவது வகுப்புவரை படித்த மதலைமுத்து குந்தி உட்கார்ந்து, வலது காதைச் சாய்த்துக் கேட்டார். கேட்டு முடித்து, கோட்டின் வலது பக்கத்தை விரலால் தொட்டார்.

"ஒரு டவுட்டு டீச்சரம்மா. ரெண்டு ரைட் டர்ன் பண்ணாலும் அபௌட் டர்ன்தானே ஆவும்?"

நோரா அவரையே பார்த்தார்.

"அப்போ உங்க நம்பருக்கு வலது பக்கம் ஒரு ஜோடி இருக்கணும் இல்ல?"

இருக்கிறது. எந்த எண்ணுக்கும் வர்க்கமூலம் இரண்டு. புத்தகத்தில் அது ஒரு விதியாக இருந்தது, நோரா மனப்பாடம் செய்திருந்தார். ஆனால் அன்று சாயங்காலம் அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் மதலைமுத்துதான். "அந்த நிமிஷம்தான்," என்று சொல்லிவிட்டு டீச்சர் மதில்மேல் காய்ந்திருந்த பாசியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். எந்த நிமிஷம் என்று நான் கேட்கவில்லை.

கல்யாணமாகாத டீச்சர் ட்ரில் மாஸ்டரோடு மைதானத்தில் தனியாகக் கவாத்துப் பழகினார் என்ற செய்தி மறுநாளே தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய்விட்டது. அந்த வெள்ளைக்கார அம்மாள் கூப்பிட்டு விசாரித்தார். "அல்ஜீப்ரா படித்துக்கொண்டிருந்தேன்," என்று நோரா சொன்ன உண்மையை அவர் நம்பவில்லை. இனிமேல் இருவரும் பள்ளி எல்லைக்குள் பேசக்கூடாது என்று உத்தரவானது.

பள்ளி எல்லைக்குள் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஏரிக்கரையில் பேசினார்கள். அப்பாவிடம் நோரா மறைக்கவில்லை. ஏரிக்குப் போகிறேன், மதலைமுத்து வருவார் என்று சொல்லிவிட்டே போனார். ஞானாதிக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏரியின் நடுவிலுள்ள தீவைக் காட்டி மதலைமுத்து கேட்டார்: "அந்தத் தென்னமரம் எவ்ளோ தூரம் இருக்கும்?"

"தண்ணி நடுவுல இருக்கு. எப்படி அளக்கறது?"

"டைக்ரிஸ் ஆத்துல பாலம் போடணும். அக்கரைல இருந்து சுடுறான். கயிறு எடுத்துக்கிட்டு அக்கரைக்கா போக முடியும்? அகலம் தெரியாம பாலமும் போட முடியாது. அப்ப என்னா பண்ணுவோம்னு காட்டறேன், வாங்க."

தென்னைக்கு நேர் எதிரே கரையில் நோராவை நிறுத்தினார். பக்கவாட்டில் திரும்பி, கரையோரமாக நாற்பது அடி வைக்கச் சொன்னார். அங்கே ஒரு குச்சியை நட்டார். அதே போக்கில் இன்னும் நாற்பது அடி. "இப்ப ஏரிக்கு முதுகைக் காட்டி நேரா நடங்க. அடிக்கடி திரும்பிப் பாருங்க. குச்சியும் தென்னமரமும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா எப்பத் தெரியுதோ, அங்க நில்லுங்க."

கேழ்வரகு அறுத்த வெறும் நிலத்தில் நோரா நடந்தார். அறுத்து மிஞ்சிய அடித்தாளின் நுனிகள் செருப்பில் குத்தின. திரும்பிப் பார்த்தார், குச்சி ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம். மறுபடி நடந்தார். ஏரி தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கரையில் மதலைமுத்து சின்ன உருவமாக நின்றார். நூற்றுப் பன்னிரண்டாவது அடியில், தென்னை நகர்ந்து வந்து குச்சிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"எவ்ளோ?" என்று அங்கிருந்து கத்தினார்.

"நூத்திப் பன்னெண்டு!"

"அதான் தண்ணியோட தூரம்!"

காலில் ஈரம் படாமல் தண்ணீரை நடந்து கடந்துவிட்டதுபோல இருந்தது நோராவுக்கு. நேரே போக முடியாத இடத்துக்குப் பக்கவாட்டில் போய்த் திரும்பினால் விடை கைக்கு வந்துவிடுகிறது. புத்தகத்தில் அந்த 'ஐ' செய்த வேலையும் இதுதான். கணக்கின் நடுவில் வருவான். விடை வருவதற்குள் மறைந்துவிடுவான்.

திரும்பி வந்தபோது மதலைமுத்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, எனக்கு முப்பத்தொம்பது வயசு. ஒரு காது கேக்காது. கவாத்துக்கு மட்டும்தான் இங்கிலீஷ் தெரியும்."

"நான் இதெல்லாம் கேக்கலையே."

"நீங்க கேக்கல. நானாத்தான் சொல்றேன்."

நோரா ஏரியைப் பார்த்தார். "எனக்கும் ஒரு குறை இருக்கு. நின்ன எடத்துலயே எங்கயாச்சும் போயிடுவேன். அப்பா திட்டுவாரு."

"போயிட்டு வாங்க. நான் இங்கயே நிக்கறேன்," என்றார் மதலைமுத்து.

மார்ச் மாதம் பரீட்சை. இயற்கணிதத் தாளில் அந்த எண்ணை வைத்து ஒரு சின்னச் சுருக்கல் கணக்கு. நான்கு வரியில் முடிந்துவிடும். நோரா நான்கு வரியில் முடித்துவிட்டு, அது ஏன் அப்படி வருகிறது என்று படம் போட ஆரம்பித்தார். மைதானம், கோடு, திரும்புகிற ஆள் என்று மூன்று பக்கம் போயிற்று. மணி அடித்தபோது இரண்டு கேள்விகள் தொடாமல் கிடந்தன. ஜூனில் வந்த முடிவில் அவர் பரீட்சை எண் இல்லை. கஸ்தூரிரங்கன் ஒரு கார்டு போட்டிருந்தார்: அடுத்த தடவை விதிப்படி மட்டும் எழுதவும்.

"அழுதீங்களா டீச்சர்?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் அழுதேன். ஆனா அந்த மூணு பக்கத்தை எழுதினதுக்காக அழலை."

அந்த வருஷமெல்லாம் கல்யாணப் பேச்சு முட்டிக்கொண்டு நின்றது. "இவ்வளவு படிச்ச பொண்ணைக் கவாத்து வாத்தியாருக்கா குடுப்பேன்?" என்று ஞானாதிக்கம் பெண்ணோடு பேசுவதை நிறுத்தினார். மதலைமுத்து சனிக்கிழமைதோறும் வந்து வாசலில் நிற்பார். உள்ளே வா என்று சொல்ல மாட்டார் கிழவர். ஒருநாள் தெருவில் ஒரு வண்டிக் குதிரை முதுகுப் புண்ணோடு போவதைப் பார்த்து, மதலைமுத்து தனக்குத்தானே சொல்வதுபோல, மெசபடோமியாவில் கோவேறு கழுதைகளுக்கு இப்படிப் புண் வந்தால் உப்புத்தண்ணீரில் கழுவி, சேணத்துக்கடியில் கம்பளியை மடித்து ஓட்டை போட்டு வைப்போம் என்றார்.

ஞானாதிக்கம் நிமிர்ந்தார். "ஓட்டை எந்த அளவு?"

"புண்ணைவிட ரெண்டு விரல் பெருசா, ஐயா."

"ரெண்டு விரல் போதாது. மூணு வேணும். உள்ள வாய்யா, சொல்றேன்."

சாயங்காலம்வரை இருவரும் கழுதைகளைப் பற்றிப் பேசினார்கள். இருபத்து நான்கில், ஈஸ்டர் கழிந்து, மாதா கோயிலில் கல்யாணம் நடந்தது. கல்யாணமான டீச்சரை அந்தப் பள்ளியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் நோரா ஃப்ரேசர் டவுன் பக்கம் வேறொரு பள்ளிக்கு மாறினார். அடுத்த வருஷம் விதிப்படி மட்டும் எழுதி, இரண்டாம் வகுப்பில் தேறினார். வாழ்த்த வந்த கஸ்தூரிரங்கன் ஒரு தடிமனான புத்தகத்தைப் பரிசாகக் கொண்டுவந்தார். அதில் ஒரு பக்கத்தில் அதே படம் இருந்தது. குறுக்கே ஒரு கோடு, அதற்குச் செங்குத்தாக ஒரு கோடு. நூறு வருஷத்துக்கு முன்பே மேல்நாட்டில் கண்டுபிடித்துவிட்டார்களாம்.

"எனக்குக் கொஞ்சம் சப்புனு ஆயிடுச்சு," என்றார் டீச்சர். "இவரு பார்த்துட்டு, 'அப்ப நாம சொன்னது கரெக்டுதான்'னு சொல்லிட்டுப் போயி காப்பி போட்டாரு."

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி டீச்சர் என்னிடம் ஒரே ஒரு தடவை, ஒரு வாக்கியம் சொன்னார். அதை நான் எழுதப் போவதில்லை.

நாங்கள் குடிவந்த இரண்டாவது மழைக்காலத்தில், ஆபீஸ் காகிதங்களைக் கொல்லைத் தாழ்வாரத்தில் பரப்பிக்கொண்டு என் கணவர் மின்சாரக் கணக்கு எதையோ போட்டுக்கொண்டிருந்தார். சேலம் மாங்காய் கொடுக்க வந்த டீச்சர் அதை எட்டிப் பார்த்தார்.

"இது என்ன, ஜே?"

"மைனஸ் ஒண்ணோட ஸ்கொயர் ரூட், டீச்சர். கரண்ட்டுக்கு நாங்க 'ஐ'ன்னு போடறதால இதை 'ஜே'ன்னு மாத்திட்டோம். மோட்டார் ஓடறப்போ கரண்ட் கொஞ்சம் பின்தங்கி வரும். இது இல்லாம அந்தக் கணக்கைப் போடறது பெரிய அவஸ்தை."

டீச்சர் மாங்காயைக் கீழே வைக்காமல், மதிலருகே ஓடிப்போய்க் கணவரைக் கூப்பிட்டார். மதலைமுத்துவுக்கு அப்போது இன்னொரு காதும் மங்க ஆரம்பித்திருந்தது. விஷயத்தைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டு முடித்ததும் அவர் முகம் கடுமையாயிற்று.

"பேரை மாத்திக்கிட்டானா? பட்டாளத்துல பேரை மாத்திக்கிறவன் ஓடிப்போன ஆளாத்தான் இருப்பான்."

என் கணவர் சிரித்த சிரிப்பில் காகிதங்கள் மழையில் பறந்தன. நாலு பேரும் ஓடி ஓடிப் பொறுக்கினோம்.

நாற்பத்து மூன்றில், யுத்தத்தின் நடுவில், மதலைமுத்து நிமோனியாவில் பத்து நாள் படுத்து இறந்துபோனார். பிளாக்பள்ளி உறவினர்கள் வந்து டீச்சரைத் தங்களோடு கூப்பிட்டார்கள். போகவில்லை. பள்ளிக்குப் போனார், வந்தார். நாற்பத்தாறில் ஓய்வு பெற்றார். மத்தியானங்களில் கொல்லையில் பெஞ்சைப் போட்டு ஒரு நோட்டோடு உட்கார்ந்திருப்பார். என்ன எழுதுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"முன்னாடி, பின்னாடி ஆச்சு. இடது, வலது ஆச்சு. மேல பாக்கறதுக்கு ஒரு நம்பர் இருக்கணுமே, கோமளா. அது மத்ததோட எப்படிப் பெருகும்னு போட்டுப் பார்க்கறேன். ரெண்டு அடி நல்லா வருது. மூணாவதுல இடிக்குது."

என் கணவரிடம் கேட்டேன். தன் புத்தகங்களில் அப்படி எதுவும் இல்லை என்றார். யாரையாவது கேட்டுச் சொல்லட்டுமா என்றதற்கு டீச்சர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

அடுத்த வருஷம் எங்களுக்குச் சிமோகாவுக்கு மாற்றல் வந்தது. புறப்படுவதற்கு முந்தின நாள், தயிர்சாதம் கலந்து ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மதிலுக்குப் போனேன். டீச்சர் பெஞ்சில் மல்லாந்து படுத்திருந்தார். நோட்டு மார்பின்மேல் கவிழ்ந்து, மூச்சோடு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பென்சில் காதில் செருகியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. மரத்துக்கு மேலே ஒரு பருந்து அசையாமல் மிதந்துகொண்டிருந்தது. அதைத்தான் பார்த்தாரா, அதற்கும் மேலேயா, தெரியவில்லை. கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை. கிண்ணத்தைத் தட்டால் மூடி மதில்மேல் வைத்துவிட்டு, மூட்டை கட்ட உள்ளே போனேன்.